ஐம்பத்திரண்டாவது வளைவுச் சுவர்

உங்கள் குழுத் தலைவி எனக்கு எழுதிய கடிதத்தில், 'இனிமையான பழைய நினைவுகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்' என்று கேட்டிருந்தார். படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விளையாட்டுகளில் குறை கண்டுபிடித்தே காலம் தள்ளியவளிடம் போய் இனிமையைக் கேட்கிறார் என்றால், ஒன்று அவர் புதியவராக இருக்க வேண்டும், இல்லை நான் எழுதுவதை வெட்டிச் சுருக்கி எங்கேயோ ஒட்டப் போகிறவராக இருக்க வேண்டும். போன் போட்டு விசாரித்தேன். புதியவர்தான். சரி, எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

நீங்களெல்லாம் செல்போன் விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள். நான் அதே வேலையைப் பல ஊர்களில் செய்து ஓய்ந்து, இன்றைக்குக் கொல்லிமலையில் எடப்புளி நாட்டில், இங்கே சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம், என் அண்ணன் தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலையில் என் முதல் ஒன்றரை வருடம் கழிந்தது இதே மலையில்தான். அதைத்தான் சொல்லப் போகிறேன். அதில் நான் கெட்டிக்காரியாக நடந்துகொண்ட ஒரு நாள் வருகிறது. படிக்கும்போது என்னைப் பாராட்ட அவசரப்படாதீர்கள்.

டி.வி.யில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிகள் நம் பக்கம் வந்த புதிது. பெட்டியின் தலையில் ஒரு கேசட்டைச் செருக வேண்டும். படம் வராவிட்டால் கேசட்டைப் பிடுங்கி, வாயால் ஊதி, மறுபடி செருக வேண்டும். உங்கள் அப்பா அம்மாவைக் கேட்டால் ஊதிய கதையைச் சொல்வார்கள். எல்லாமே வெளிநாட்டுக் கேசட், அல்லது அதைப் பார்த்து அடித்த நகல். நம் ஊர் ஆட்டம் ஒன்றை நாமே செய்து கேசட்டாக வெளியிட்டால் என்ன என்று சேலத்தில் டி.வி. கடை வைத்திருந்த ஒருவருக்கு ஆசை பிறந்தது. அவர்தான் எங்கள் முதலாளி. அந்தக் கம்பெனி இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

முதலாளிக்கு இருந்தது ஒரே பயம். ஆட்டம் வெளிவருவதற்குள் எவனாவது நகல் எடுத்துவிடுவான் என்ற பயம். சேலத்தில் வைத்து வேலை செய்தால் சுவருக்கெல்லாம் காது என்று சொல்லி, திருப்புலி நாட்டில் ஒரு மிளகுத் தோட்டத்து வீட்டை வாடகைக்குப் பிடித்து எங்களைக் கொண்டுவந்து வைத்தார். போன் கிடையாது. கீழே போக எழுபது கொண்டை ஊசி வளைவு. சன்னல் கண்ணாடிகளில் செய்தித்தாள் ஒட்டினார். யார் அடிவாரத்துச் சேந்தமங்கலம் போனாலும் கிளம்பும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த சோதனைக் கேசட்டுகளின் மேல் பெயரோ எண்ணோ எழுதக் கூடாது. வெறும் கறுப்பு டப்பா. எவனாவது எடுத்துப் பார்த்தால் இன்னது என்று தெரியக் கூடாதாம்.

இவ்வளவு மூடி வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? வீட்டுக்காரர் வெள்ளையன் மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து கொடுக்கும் சாக்கில் வாசலிலேயே நின்றுகொண்டு மூக்கை உள்ளே நீட்டுவார். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் மலைக்காரி என்பதால் உண்மையைச் சொல்வேன் என்று நினைத்திருக்கிறார்.

"ஏனுங்க அம்மிணி, உள்ளுக்குள்ள நோட்டு கீட்டு அடிக்கிறீங்களா? இருந்தாச் சொல்லிப்போடுங்க. நான் ஊட்டுக்காரன், நாளைக்கு என்னையல்ல புடிச்சுக்கிட்டுப் போவாங்க."

விளையாட்டு செய்கிறோம் என்றேன். அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நாலு பெரிய மனிதர்கள் சன்னலை மூடிக்கொண்டு விளையாட்டு செய்கிறார்கள் என்றால் எவன் நம்புவான்? அடுத்த வாரமே நாங்கள் சிலை கடத்துகிறோம் என்று பக்கத்து ஊரில் பேச்சு. எங்கள் முதலாளி எல்லோரையும் சந்தேகப்பட்டார், எல்லோரும் எங்களைச் சந்தேகப்பட்டார்கள், அந்தக் காற்றில்தான் நாங்கள் மூச்சு விட்டோம்.

நாலு பேர் என்றேனே, சொல்லிவிடுகிறேன். முதலாளி ஒருவர். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் எழுதிய புரோகிராமர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், படித்தவர், பேச்சு குறைவு. படம் போட்டவர் செல்வராசு. நாலாவது நான், நல்லம்மா, சோதிக்கிறவள்.

செல்வராசண்ணன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் பெயின்டர். எங்கள் ஆட்டம் லாரி ஆட்டம் என்பதால் முதலாளி அவரைத் தேடிப் பிடித்தார். அடிவாரத்தில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி எழுபது வளைவு ஏறி மலைக்கு வர வேண்டும், அதுதான் ஆட்டம். அவர் கட்டம் போட்ட தாளில் கலர் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பித் தருவார். புரோகிராமர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். எழுபது வளைவையும் வரைந்தவருக்கு இருபதாவது வளைவைத் தாண்டி ஓட்டத் தெரியாது. "பெயின்டர் கையில எவன் ஸ்டீரிங்கக் குடுப்பான்" என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்லி வைத்துக்கொள்கிறேன், பின்னால் தேவைப்படும்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் வேறு ஒருவர். சேந்தமங்கலத்தில் நான் முதலில் வேலை பார்த்த டி.வி. ரிப்பேர் கடைக்காரர். பெயர் எழுத மாட்டேன், அவருக்கே அது பிடிக்காது. அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை. ஒரு பாகம் கெட்டுவிட்டது என்று நான் எப்போது சொன்னாலும், அதைக் கழற்றி நல்ல டி.வி. ஒன்றில் மாட்டிக் காட்டு என்பார். அங்கேயும் கெட்டால்தான் பாகத்தின் மேல் பழி. அங்கே ஓடினால் பழி வேறு இடத்தில். மாற்றிப் போட்டுப் பார்க்காமல் எதன் மேலும் விரலை நீட்டக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். உங்கள் வேலைக்கு வேண்டிய படிப்பில் பாதி அவ்வளவுதான்.

அந்தப் படிப்பால்தான் வினை வந்தது. மழைக்காலம், மலை முழுக்கப் பனிமூட்டம், கேசட்டின் அடியில் இருக்கும் உலோகப் பல்லெல்லாம் ஈரம் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் நான் என் கேசட்டை ஓட்டிக்கொண்டிருக்கும்போது செல்வராசண்ணனும் பக்கத்து டி.வி.யில் அவருடையதை ஓட்டிக்கொண்டிருந்தார். பதினைந்தாவது வளைவில் ரோட்டோரம் ஒரு மைல்கல் வரும். என் ஆட்டத்தில் கல்லின் தலை சிவப்பு. அவருடையதில் பச்சை. அவரிடம் கேட்டால், "நான் மஞ்சள்லதானுங்க போட்டேன்" என்றார். மூன்று கலர் ஆயிற்று.

புரோகிராமரிடம் போனேன். டி.வி.யின் கலர் அப்படித்தான் தெரியும், கண்ட குறைகளை நான் குறித்து வைக்கும் குறைப் புத்தகத்தில் எழுத வேண்டாம் என்றார். டி.வி. கடையில் வேலை பார்த்தவளிடம் வந்து இதைச் சொல்கிறார். ஒரு டி.வி. கெட்டால் படம் முழுக்கக் கலர் மாறும். சுற்றியிருக்கும் மரமும் மண்ணும் அப்படியே இருக்க, ஒரே ஒரு கல் மட்டும் மாறுமா? அவர் எதையோ மறைக்கிறார் என்று அப்போதே நினைத்தேன். செல்வராசண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் இரண்டு கேசட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கலர் டி.வி.யோடு நிற்கவில்லை, கேசட்டோடு போயிற்று. நான் நினைத்தது சரி என்ற திருப்தியில் இரண்டையும் அவரவர் இடத்தில் வைத்தேன்.

வைத்தேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் என் கேசட்டை ஓட்டினால் கல் பச்சை. பெயர் எழுதாத டப்பா, மாற்றி வைத்துவிட்டேன். செல்வராசண்ணன் கலரைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆட்டம் ஒன்றுதானே, எது யாரிடம் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். பச்சைக்கல் கேசட் அன்றிலிருந்து என் டிரங்குப் பெட்டியில், என் பூட்டுக்குள் இருந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்து நான் இன்னொரு குறை கண்டுபிடித்தேன். அதுதான் ஐம்பத்திரண்டாவது வளைவு. அங்கே உள்பக்கச் சுவரில் லாரியை மோதினால் லாரி உடைய வேண்டும். உடையவில்லை. சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்து, மலையை விட்டு விலகி ஆகாயத்தில் ஓடியது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். முதலாளிக்குக் கோபம், செல்வராசண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாலு கேசட்டிலும் மோதிப் பார்த்தோம், நாலிலும் லாரி பறந்தது. புரோகிராமர் ஒரு வாரத்தில் அதைச் சரி செய்து என் குறைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் கேசட்டில் ஏற்ற, உள்ளே வைக்கும் புதுச் சிப் அப்போது எங்களிடம் இல்லை. சரி செய்த ஆட்டம் ஆளுக்கு ஒன்றாக நாலு பிளாப்பி டிஸ்க்குகளில் ஏறி முதலாளியின் பீரோவுக்குள் போயிற்று. கைவசம் இருந்த கேசட்டுகளில் லாரி பறந்துகொண்டேதான் இருந்தது.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். முதலாளி சேலம் போய்விட்டு ஒரு நாள் பிற்பகல் பஸ்ஸில் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் வேர்வை, அந்தக் குளிரில். எங்கள் மூன்று பேரையும் டி.வி. முன்னால் உட்கார வைத்தார். பையிலிருந்து ஒரு மஞ்சள் கேசட்டை எடுத்தார். மேலே 'நூறு கேம்' என்று அச்சடித்திருந்தது. ஒரு கடையில் விற்பதாகச் சொன்னார். செருகிப் பட்டியலில் கீழே கீழே போனார். எங்கள் லாரி வந்து நின்றது.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? ஒரு வருடமாக நாங்கள் நாலு பேரும் சன்னலை மூடிக்கொண்டு செய்த ஆட்டம், எங்களுக்கு முன்னால் கடைக்குப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. முதலாளியே ஓட்டினார். பதினைந்தாவது வளைவு வந்ததும் நிறுத்தினார். மைல்கல் பச்சை.

அப்போதுதான் விஷயத்தை உடைத்தார். எவனாவது நகலை வெளியே கொடுத்தால் பிடிப்பதற்காகவே, ஆளுக்கு ஒரு கலரில் கல் வைக்கச் சொல்லியிருக்கிறார். அவருடையது மஞ்சள், புரோகிராமருடையது நீலம், என்னுடையது சிவப்பு, செல்வராசுவுடையது பச்சை. இது அவருக்கும் புரோகிராமருக்கும் மட்டும் தெரியும். நான் குறை என்று நினைத்துத் துருவியது அவர்கள் வைத்த பொறியை. இப்படி ஒரு தப்பை நம் தொழிலில் இருப்பவர்கள்தான் செய்ய முடியும்.

செல்வராசண்ணனுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் எழுந்து நின்றார். தான் இல்லை என்று ஒரு தடவைதான் சொன்னார். முதலாளி கேட்கவில்லை. நாளை மதியம் பஸ்ஸுக்கு இறங்கிப் போய்விட வேண்டும், நாமக்கல்லில் இருக்கிற பட்டறை ஒவ்வொன்றுக்கும் தானே போய் இவன் திருடன் என்று சொல்லப் போவதாகச் சொன்னார்.

வேலை போவது பெரிதல்ல, அந்தப் பட்டறைப் பேச்சைக் கேட்டுத்தான் அவர் முகம் செத்துப் போயிற்று. லாரிக்காரர்கள் பெயின்ட் அடிக்க வண்டியை விடும்போது சாவியோடு, உள்ளே இருக்கும் சாமானோடு விட்டுப் போவார்கள். வாரக்கணக்கில் பெயின்டர் பொறுப்பில்தான் நிற்கும். நம்பகமான ஆள் என்ற பெயர் இருந்தால்தான் தூரிகையைத் தொட முடியும். அந்தப் பெயர் போனால் நாமக்கல்லில் அவருக்கு ஒரு மட்கார்டுகூடக் கிடைக்காது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? வாயை மூடிக்கொண்டிருந்தேன். பச்சைக்கல் கேசட் என் பெட்டியில் இருக்கிறது என்று சொன்னால், அடுத்த நொடி திருடி நான். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. நான் மாற்றி வைப்பதற்கு முன் இரண்டு மாதம் அந்தக் கேசட் செல்வராசண்ணன் கையில்தான் இருந்தது. அப்போதே கொடுத்திருந்தால்? டீ குடிக்கிறேன் என்று அடிக்கடி வெளியே போவாரே, எங்கே போவார்? சேந்தமங்கலம் போய்வந்தபோது பையைக் காட்டத் தயங்கினாரே? பிடித்தமான மனிதரைப் பற்றி இத்தனை சந்தேகத்தை எங்கே சேர்த்து வைத்திருந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலையில் குறைப் புத்தகத்தைப் புரட்டினேன். பழக்கம்தான், மனசு சரியில்லாவிட்டால் அதைத்தான் புரட்டுவேன். ஐம்பத்திரண்டாவது வளைவுப் பக்கத்தில் புரோகிராமரின் கையெழுத்தைப் பார்த்ததும் சட்டென்று தோன்றியது. கடையில் வாங்கிய மஞ்சள் கேசட்டில் இருக்கும் லாரி அந்தச் சுவரில் மோதினால் என்ன ஆகும்? பறந்தால், எங்கள் கேசட் ஒன்றிலிருந்து எடுத்த நகல். உடைந்தால், எந்தக் கேசட்டிலிருந்தும் எடுத்ததல்ல. பீரோவில் இருக்கும் டிஸ்க்கிலிருந்து எடுத்தது. பீரோவுக்குச் சாவி இரண்டு. ஒன்று முதலாளி இடுப்பில், மற்றது புரோகிராமர் சட்டைப் பையில்.

இங்கே கவனமாகப் படியுங்கள், தொழில் இங்கேதான் இருக்கிறது. நான் நேரே போய் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், சரி செய்ததைச் செல்வராசு கேசட்டிலும் ஏற்றிக் கொடுத்தேன் என்று புரோகிராமர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை முடிந்தது. அதனால் கேள்வியை முதலில் கேட்டேன். முதலாளி பக்கத்தில் இருக்கும்போது, செல்வராசண்ணனும் கேட்கும்படி, வழக்கமான வேலை மாதிரி, ஐம்பத்திரண்டைக் கேசட்டுகளில் ஏற்றியாயிற்றா என்று விசாரித்தேன்.

"சிப்பு எங்க இருக்குதுங்க ஏத்தறதுக்கு?" என்றார் புரோகிராமர். "எல்லாம் டிஸ்க்குல பீரோவுக்குள்ளதான் கெடக்குது. ஒரு கேசட்டுலயும் இன்னும் மாத்தல."

முதலாளியிடம், அப்படித்தானே என்று கேட்டேன். ஆமாம் என்று எரிச்சலோடு தலையாட்டினார். அதற்குப் பிறகுதான், அந்த மஞ்சள் கேசட்டை ஒரு தடவை ஐம்பத்திரண்டு வரைக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்று இருவரும் கேட்கவில்லை. கேட்காததை நான் குறித்துக்கொண்டேன்.

உங்கள் விளையாட்டுகளில் எந்தக் கட்டத்துக்கும் நேரே தாவிப் போய்ப் பார்க்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒன்றாவது வளைவிலிருந்து ஏற வேண்டும். மூன்று லாரி தருவார்கள், மூன்றும் உடைந்தால் முதலிலிருந்து. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். எங்களில் நன்றாக ஓட்டுகிறவர் புரோகிராமர். அவர் கையில் கொடுக்க முடியுமா? நானேதான் உட்கார்ந்தேன். செல்வராசண்ணன் பெட்டி கட்டி முடித்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். பஸ் இரண்டு மணிக்கு.

முதல் தடவை முப்பத்தெட்டாவது வளைவில் கரண்ட் போயிற்று. மலையில் அது தினசரி நடப்பதுதான், ஆனால் அன்றைக்கு அதையும் சந்தேகப்பட்டேன். வெளியே போய்ப் பார்த்தேன், வெள்ளையன் வீட்டிலும் இல்லை. அரை மணி நேரம் கழித்து வந்தது. போதும், பஸ்ஸுக்கு நேரமாயிற்று, என்னத்தைப் பார்க்கப் போகிறாய் என்று முதலாளி எழுந்தார்.

"ஆடட்டும் உடுங்க மொதலாளி" என்றார் செல்வராசண்ணன். "போறவன் நானுங்க. எனக்கு அவசரமில்ல."

மறுபடி ஒன்றிலிருந்து. கை வேர்த்து வழுக்கியது, சேலையில் துடைத்துத் துடைத்து அழுத்தினேன். இருபத்தேழில் ஒரு லாரி போயிற்று. நாற்பத்து நான்கில் இன்னொன்று. அந்த வளைவை நூறு தடவை ஏறியிருப்பேன், அன்றைக்குப் பார்த்து மோதினேன். மிச்சம் ஒரே லாரி. ஐம்பத்தொன்றை வெளிப்பக்கம் ஒட்டியே ஏறினேன். ஐம்பத்திரண்டு வந்தது. உள்பக்கச் சுவரைப் பார்த்து வண்டியைத் திருப்பி விட்டேன்.

லாரி உடைந்தது. சுவர் அப்படியே நின்றது. 'ஆட்டம் முடிந்தது' என்று திரையில் வந்தது.

நான் எழுந்து திரும்பி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். நம் கேசட்டுகளில் லாரி இங்கே பறக்கும், எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதில் உடைகிறது. சரி செய்தது டிஸ்க்கில் மட்டும்தான் என்று இப்போதுதான் சொன்னீர்கள். டிஸ்க் பீரோவில். ஆகவே இது செல்வராசண்ணன் கேசட்டிலிருந்து போகவில்லை. பீரோவிலிருந்து, பச்சைக்கல் டிஸ்க்கைப் பார்த்து யாரோ எடுத்திருக்கிறார்கள், பழி எங்கே விழும் என்று தெரிந்தே எடுத்திருக்கிறார்கள். அதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொன்னேன். பச்சைக்கல் கேசட் ஒரு மாதமாக என் பெட்டியில்தான் இருக்கிறது, தவறுதலாக மாற்றி வைத்துவிட்டேன் என்று கொண்டுவந்து காட்டினேன்.

முதலாளி புரோகிராமரைப் பார்த்தார். புரோகிராமர் முதலாளியைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், நீயா என்ற கேள்வி. அதில் ஒருவருடையது நடிப்பு. எவருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆட்டத்தைச் செய்தவர் வேறு இடத்துக்கு விலை பேசினாரா, முதலாளியே கம்பெனியை மூட ஒரு சாக்குத் தேடினாரா? எனக்கு ஒரு அனுமானம் உண்டு. மாற்றிப் போட்டுப் பார்க்க வழியில்லாததால் எழுத மாட்டேன். முதலாளி டி.வி.யை அணைத்தார். செல்வராசுவிடம், இருந்துக்கோ என்று மட்டும் சொன்னார். பட்டறைகளுக்குப் போகும் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. நாலைந்து மாதத்தில் கம்பெனியை மூடினார்கள்.

செல்வராசண்ணன் இருக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். பெயின்ட் டப்பாக்கள் இருந்த பையை நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். எனக்குள்ளே ஒரே பெருமை. ஒரு மனிதனின் பெயரைக் காப்பாற்றியிருக்கிறேன், இருபத்து மூன்று வயதில், இரண்டு பெரிய மனிதர்களை வாயடைக்க வைத்து. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாரோ, அப்படிச் செய்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

பஸ் நிற்கும் இடத்தில் பெட்டியை இறக்கி வைத்தார். மூட்டம் கலைந்து வெயில் லேசாக அடித்தது. அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. பச்சைக்கல்லு உங்க பொட்டியிலதான் இருந்துதுன்னு நேத்தே உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?"

தெரியும் என்றேன். பயமாக இருந்தது என்றும் சொன்னேன்.

"பயம் இருக்கும்ங்க. பொம்பளப்புள்ள, வேலை போயிருமில்ல." பையைப் பெட்டிமேல் வைத்தார். "நான் எடுத்திருப்பேன்னும் நெனைச்சீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபிறகு முடியவில்லை. ஆமாங்க என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டினார். வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"செவுரு நின்னதுக்கு அப்புறந்தான் பொட்டியத் தொறந்து காட்டுனீங்க. அதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தச் செவுத்துல லாரி பூந்து போயிருந்தாலும், நான் எடுக்கலீங்க அம்மிணி. அப்ப என்ன பண்ணியிருப்பீங்க?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றச் சொல்லிக் கத்தினார். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஏறி, அந்தப் பக்கச் சன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்த லாரி பறந்திருந்தால், நான் பெட்டியைத் திறந்திருக்க மாட்டேன். அவருடைய பெயின்ட் டப்பாக்களை இதே மாதிரி தூக்கிக்கொண்டு இதே ரோட்டில் நடந்து வந்து, அவரைத் திருடனாகவே அந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருப்பேன்.